கடைசி வீட்டு வைஃபை

எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று எங்கள் கம்பெனியில் ஒரு மெயில் வந்தது. எழுதினவன் எந்த ஊர்க்காரனோ தெரியாது. எங்கள் ஊருக்கு வந்தவன் இல்லை என்று மட்டும் தெரியும்.

எங்கள் ஊர் பெரம்பலூரிலிருந்து செட்டிகுளம் போகிற வழியில் இறங்கி உள்ளே இரண்டு கிலோமீட்டர். பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் நாளைக்கே நாலு பேர் சண்டைக்கு வருவார்கள். எல்லா இடத்தையும் போல இங்கேயும் ஊர் என்று ஒன்று, காலனி என்று ஒன்று. நடுவில் ஓர் ஓடையும் ஒரு சோளக்காடும். நான் காலனி. என் பெயர் வெற்றிச்செல்வி, வயது முப்பத்து நாலு. துபாயில் யாருக்காவது கால் உடைந்தால் அந்த ஆஸ்பத்திரி பில்லில் இன்ன நோய்க்கு இன்ன எண் என்று போட்டு அனுப்புவது எங்கள் வேலை. எனக்குக் கீழே பதினோரு பேர் இருக்கிறார்கள். காலனியில் நான் பூமாலை மகள். கம்பெனியில் நான் 'வெற்றி மேம்'.

எனக்கு ஒரு மகள், இலக்கியா. எட்டு வயது. பத்து மாதக் குழந்தையாக அவளை அம்மாவிடம் விட்டுவிட்டு நான் சென்னைக்கு வேலைக்குப் போனேன். அவள் அப்பன் ரெட்டிபாளையத்தில் சிமென்ட் லாரி ஓட்டுகிறான், அங்கேயே இன்னொரு குடும்பமும் வைத்திருக்கிறான். அவனுக்கு இந்தக் கதையில் இவ்வளவு இடம் போதும். நான் மாதத்துக்கு ஒரு தடவை வருவேன். குழந்தை என் அம்மாவை 'அம்மா' என்றும் என்னைச் 'செல்வி' என்றும் கூப்பிட்டது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, பஸ் ஏறி திருச்சி ரோடு முடிகிற வரைக்கும் அழுதேன்.

அப்புறம் கொரோனா வந்து ஆபீஸை மூடினார்கள். லேப்டாப்பைக் கையில் கொடுத்து வீட்டுக்குப் போ என்றார்கள். உலகமே செத்துக்கொண்டிருந்தபோது எனக்கு மட்டும் நல்ல காலம் பிறந்தது என்று சொன்னால் அடிக்க வருவார்கள், ஆனால் அதுதான் நிஜம். மூன்று வயதில் என் மகள் என்னை முதல் தடவையாக அம்மா என்றாள், என் அம்மா அவளுக்கு அம்மாயி ஆனாள். அதற்கப்புறம் ஐந்து வருஷம் நான் எங்கேயும் போகவில்லை.

அவள் பள்ளிக்கூட ஆட்டோ காலனிக்குள் வராது. ஊரின் கடைசி வீடு சாமிதுரையுடையது, அந்த முக்கிலேயே ஆட்டோக்காரன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். சாயங்காலம் நாலு இருபதுக்கு நான் அங்கே போய் நிற்பேன். இறங்கும்போதே "அம்மா, பையத் தூக்கு!" என்று கத்துவாள், ஏதோ நான் அவள் வைத்த கூலியாள் மாதிரி. அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் என் நாளையே அடுக்கி வைத்திருந்தேன்.

இந்த வருஷம் கோடை லீவு முடிந்ததும் இரண்டாவது மெயில் வந்தது. இனிமேல் எல்லாரும் சென்னை ஆபீஸுக்கு வர வேண்டும். பத்து வேலை நாள் இணைப்புச் சோதனை நடக்கும், அதில் தேறுகிறவர்கள் மட்டும் நிரந்தரமாக வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். சிஸ்டம் தானே அளக்கும். நெட் அறுந்தால் சிவப்பு, ஒழுங்காக ஓடினால் பச்சை. நான் அதுவரை ஓட்டிக்கொண்டிருந்தது இரண்டு செல்போன், இரண்டு சிம், மாடியில் ஒரு தகரக் கூரை. காற்றடித்தால் ஒரு சிம் போகும், மழை வந்தால் இரண்டும் போகும். சோதனை வைத்தால் முதல் நாளே சிவப்பு என்று எனக்குத் தெரியும்.

பிள்ளையைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போகலாமே என்று கேட்பீர்கள். அப்பாவுக்கு வாதத்தில் ஒரு பக்கம் விழுந்து மூன்று வருஷம் ஆகிறது. அம்மாவால் அவரை விட்டு நகர முடியாது. நான் காலையில் போனால் இரவு எட்டு மணிக்குத்தான் ரூமுக்கு வருவேன், எட்டு வயதுப் பிள்ளையை யாரிடம் விடுவது? பெரம்பலூரிலேயே நல்ல நெட் உள்ள வீடாக வாடகைக்குப் பார்த்தேன். ஒரு வீட்டில் "நீங்க எந்தத் தெரு?" என்று கேட்டார்கள். ஊரைக் கேட்கவில்லை, தெருவைக் கேட்டார்கள். இன்னொரு வீட்டில் படுத்த படுக்கையாக ஆள் இருந்தால் வேண்டாம் என்றார்கள். இரண்டே நாளில் எனக்கு வீடு தேடும் ஆசை விட்டுப்போனது.

எங்கள் பக்கத்துக் கேபிள்காரன் திருமுருகனைப் பிடித்தேன். நல்ல பையன். மாடியில் ஏறி நின்று கண்ணை இடுக்கிப் பார்த்தான்.

"அக்கா, ஊர்க் கடேசி வூடு வரைக்கும் ஃபைபர் வந்துருச்சு. சாமிதுரை வூட்டு மாடியில ஒரு கட்டு கட்டி, ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு இரும்புக் குழாய நட்டா உங்க வூட்டுக்குள்ள வந்துரும். ஒரு மணி நேர வேல."

மறுநாள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

"என்னடா, உன் ஒரு மணி நேரம் இன்னும் ஆவலையா?" என்றேன்.

"அவரு வேணாங்குறாருக்கா."

"ஏனாம்?"

"மாடி மேல போவக்கூடாதாம்."

"ஒயருதானடா போவுது, நானா போறேன்?"

"அதத்தான் நானும் கேட்டேன். காலனிக்குப் போற ஒயரு எங்க தலைக்கு மேல போவக்கூடாதுங்குறாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடி நூல் மாதிரி ஒரு ஒயர். அதில் என்ன தீட்டு ஓடும் என்று அந்த மனுஷன் நினைத்தாரோ. துபாய்க்காரன் ஒடிந்த கால் ஓடும், அவ்வளவுதான். சிரித்து முடித்ததும் கோபம் வந்தது.

"ஏரிக்கரையச் சுத்திக் கொண்டாடா. எவ்வளவு ஆனாலும் நான் தர்றேன்."

"காசு இல்லக்கா விஷயம். அவரு வேணாம்னத நான் கொல்ல வழியா கொண்டாந்தா, ஊர்ல இருக்குற நூத்திருவது கனெக்‌ஷனும் நாளைக்கே வேற ஆளுக்குப் போயிரும். உங்க தெருவுல இருக்குறது ஒண்ணுதாங்கா. என் பொழப்பையும் பாக்கணும்ல."

டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன். எங்கள் வீட்டில் டீ குடிக்கிற ஆள் அவன், அந்த மட்டுக்கு நல்லவன்.

இப்போது இன்னொன்று சொல்ல வேண்டும். சாமிதுரையின் மகன் மணிமாறன் என் டீமில் இருக்கிறான்.

தற்செயல் இல்லை, நான்தான் எடுத்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆள் எடுத்தபோது ஒரு விண்ணப்பத்தில் எங்கள் ஊர்ப் பெயரையே பார்த்தேன். சாமிதுரை மகன் என்று போட்டிருந்தது. இன்டர்வியூவில் பையன் இங்கிலீஷில் திணறினான், குரல் நடுங்கியது. என்னோடு கேள்வி கேட்ட மற்ற இரண்டு பேரும் வேண்டாம் என்றார்கள். நான்தான் தெரிந்த கேள்வியாக மறுபடி கேட்டு, தமிழில் சொல்லுப்பா என்று சொல்லி, மார்க் போட்டு உள்ளே இழுத்தேன். ஊர்ப் பையன் ஆயிற்றே என்று. என்ன ஊர்ப் பாசம் பாருங்கள், அந்த ஊருக்குள் நான் செருப்போடு நடந்ததே பிளஸ் டூ முடித்த பிறகுதான்.

நான் யார் என்று அவனுக்குத் தெரியாது. சிஸ்டத்தில் என் பெயர் 'வெற்றி பி'. எங்கள் டீமில் யாரும் கேமராவைப் போடுவதில்லை. என் படம் இருக்க வேண்டிய இடத்தில் இலக்கியா வரைந்த வாத்து இருக்கும். ஆபீஸ் தமிழ் என்று ஒன்று இருக்கிறது, அதில் பேசினால் எந்த மாவட்டம் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நான் அதில்தான் பேசுவேன். மூன்று வருஷமாக அவன் ஒரு நாளைக்கு இருபது தடவை என்னை 'மேம்' என்றான். காலனி மாடியில் தகரக் கூரையின் கீழே உட்கார்ந்து, எதிரே தெரிகிற அவன் வீட்டு மாடியைப் பார்த்துக்கொண்டே, அந்த 'மேம்' ஒவ்வொன்றையும் கேட்டுக்கொள்வேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது.

சொன்னால் அந்த 'மேம்' போய்விடும் என்பதுதான் பயம். சொல்லாவிட்டால் பிள்ளையை விட்டுப் போக வேண்டும். மூன்று நாள் யோசித்தேன். நாலாவது நாள், வேலை விஷயம் பேசி முடித்ததும், "மணிமாறன், ஒரு நிமிஷம் இருங்க" என்றேன்.

"சொல்லுங்க மேம்."

"திருமுருகன் உங்க அப்பாகிட்ட ஒரு ஒயர் விஷயமா வந்து கேட்டான்ல?"

"அது உங்களுக்கு எப்படி மேம்..."

"அந்த ஒயர் எனக்குத்தான். நான் பூமாலை மவ."

லைன் அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை. அவன் வீட்டுக் கோழி கத்துவது காதில் விழுந்தது. அதே கோழி என் இன்னொரு காதில் ஓடைக்கு அந்தப் பக்கமிருந்தும் கத்தியது.

"அப்பாகிட்ட பேசிப் பாக்குறேன்..." என்று சொல்லி நிறுத்தினான். 'மேம்' வரவில்லை. நான் கவனித்தேன்.

இரண்டு நாள் கழித்து மெசேஜ் வந்தது. ஒயர் போக அப்பா சம்மதிக்கவில்லை. ஆனால் வீட்டுக்குப் பின்னால் வெங்காயக் கொட்டாய் இருக்கிறது, அங்கே வைஃபை நன்றாக எடுக்கிறது, பத்து நாள் அங்கே உட்கார்ந்து வேலை பார்த்துக்கொள்ளலாம், ஓடைப் பக்கமாகப் பின்வழியில் வந்துவிடலாம் என்று எழுதியிருந்தான். சோதனை முடிந்ததும் மறுபடி யோசிக்கலாம் என்றும் எழுதியிருந்தான்.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டாள்.

"அந்தக் கொட்டாயில நான் இருவது வருஷம் வெங்காயம் அறுத்தேன்டி. நீ காலேஜு படிச்சதே நான் அங்க அறுத்த காசுலதான். திரும்ப அங்கியே போயி உக்காரவா படிச்ச?"

"பத்து நாளும்மா."

"உனக்கு சூடு சொரண இல்ல?"

"இருக்கு. ஆனா இலக்கியாவும் இருக்கா" என்றேன். அப்பாவின் வாயிலிருந்து கஞ்சி வழிந்ததைக்கூடத் துடைக்காமல் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

முதல் நாள் ஒன்பதரைக்கே போய்விட்டேன். கொட்டாயில் ஒரு பக்கம் விதை வெங்காயம் கட்டித் தொங்கியது, இன்னொரு பக்கம் மருந்தடிக்கிற டின்கள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மேஜைக்குப் பதிலாக இரண்டு மூட்டை மேல் ஒரு பலகை. மணிமாறன்தான் கரண்ட் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினான். ஒல்லியான பையன், கண்ணாடி. இவ்வளவு பக்கத்தில் பார்ப்பது முதல் தடவை. நேரில் என்னை எப்படிக் கூப்பிடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. "இங்க உக்காந்துக்கலாம்", "ஃபேன் வேணும்னா போட்டுக்கலாம்" என்று, எதிரில் ஆளே இல்லாத மாதிரி பேசிவிட்டுப் போனான். அரை மணி நேரம் கழித்து வீட்டுக்குள்ளிருந்து ஹெட்போனில் வந்தான். "குட் மார்னிங் மேம்." நடுவில் ஒரே ஒரு சுவர்தான்.

சாமிதுரை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். "பூமாலை எப்புடி இருக்கான்?" என்று கேட்டார். அப்பா அவரைவிடப் பத்து வயது மூத்தவர். "இருக்காரு" என்றேன். "எல்லாம் கம்ப்யூட்டராப் போச்சு. நல்லா இரு பாப்பா" என்றார். அவர் மனதில் அவர் பெரிய தருமம் செய்துகொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் நன்றி சொல்லத்தான் தோன்றும், நானும் சொல்லித் தொலைத்தேன்.

பதினொரு மணிக்கு அவர் மனைவி பொன்னம்மாள் டீ கொண்டுவந்தார். பேப்பர் கப். எனக்காகவே ஒரு பாக்கெட் வாங்கி வைத்திருந்தார்கள். முன்பெல்லாம் எங்களுக்குக் கொட்டாங்கச்சி, அப்புறம் தனி டம்ளர், இப்போது பேப்பர் கப். நாடு முன்னேறவில்லை என்று யார் சொன்னது? "சக்கர போதுமா புள்ள?" என்று அந்த அம்மா அக்கறையாகத்தான் கேட்டார். டீ நன்றாகவும் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

ஆனால் திரையில் பச்சை. முதல் நாள் பச்சை, இரண்டாம் நாள் பச்சை. ஐந்தாம் நாள் புயல் காற்று அடித்து ஊரெல்லாம் கரண்ட் போனது, அவர்கள் வீட்டு இன்வெர்ட்டரில் அன்றைக்கும் பச்சை. நாலு இருபதுக்கு முக்கில் ஆட்டோ ஹாரன் கேட்கும். எழுந்து பின்வழியாகச் சுற்றிக்கொண்டு ஓடுவேன். "அம்மா, பையத் தூக்கு!" ஓடை வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு போய் அம்மாவிடம் விட்டுவிட்டு மறுபடி கொட்டாய்க்கு வருவேன். "உம்மேல வெங்காய நாத்தம் அடிக்குதும்மா" என்று இலக்கியா மூக்கைப் பிடித்துக்கொள்வாள். அடிக்கட்டும் போ, பச்சை விழுகிறது என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். பத்தாவது நாள் மாலை ஏழு மணிக்கு பத்துக் கட்டமும் பச்சையாக நின்றது. அன்றைக்குப் போகிற வழியில் பிள்ளைக்குப் பரோட்டா வாங்கிக்கொண்டு போனேன்.

மறுநாள் காலை எச்.ஆர். ஜெயசித்ராவிடமிருந்து அழைப்பு. நானும் மணிமாறனும் சேர்ந்து வர வேண்டும், கேமரா கட்டாயம் என்று போட்டிருந்தது. அன்றைக்கு நான் என் மாடியில்தான் இருந்தேன். வானம் தெளிவாக இருந்ததால் சிம் ஒழுங்காக வேலை செய்தது. திரையில் மூன்று கட்டம். ஒன்றில் ஜெயசித்ரா, ஒன்றில் நான், ஒன்றில் மணிமாறன். அவனுக்குப் பின்னால் சுவரில் முருகன் காலண்டர். நான் அந்த வீட்டுக்குள்ளே பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பத்து நாளும் உங்க ரெண்டு பேர் லேப்டாப்பும் ஒரே இணைப்புல ஓடியிருக்கு" என்றாள் ஜெயசித்ரா. "நோயாளிங்க விவரம் இருக்கிற வேலை. சம்பந்தமில்லாத இன்னொருத்தர் இணைப்புல பார்க்கக் கூடாது. ஆனா விதியில ஒரு வழி இருக்கு. ஒரே வீட்டுல இருக்கிறவங்கன்னா பிரச்சினை இல்லை. கணவன் மனைவி, அண்ணன் தம்பி, நிறையப் பேர் அப்படித்தான் ஓட்டறாங்க. வீட்டுக்கு வந்திருக்கிற விருந்தாளின்னாலும் சரி. மணிமாறன், உங்க வீடு. நீங்க சொல்லுங்க. வெற்றி உங்க வீட்டுல தங்கியோ, விருந்தாளியா வந்தோ வேலை பார்த்தாங்களா? ஆமான்னு சொன்னா படிவத்துல டிக் பண்ணிட்டு ரெண்டு பேருக்கும் ஓகே குடுத்துடுவேன்."

பாவம், நல்ல பெண். தேர்வில் விடையைச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் மாதிரி கையில் எடுத்துக் கொடுத்தாள்.

ஒரே ஒரு 'ஆமா'. நான் அவனைப் பார்த்தேன். அவன் கேமராவைப் பார்க்கவில்லை. இடது பக்கம் பார்த்தான். அங்கே யார் நிற்கிறார் என்பது எனக்குத் தெரிய வேண்டியதில்லை, வேட்டியின் ஓரம் தெரிந்தது.

"இல்ல மேம்" என்றான் மணிமாறன். குரல் இன்டர்வியூவில் நடுங்கிய அதே மாதிரி நடுங்கியது. "அவங்க எங்க வீட்டுக்குள்ள வந்ததே இல்ல."

"அப்ப எங்க உக்காந்து வேலை பார்த்தாங்க?"

"பின்னாடி... கொட்டாயில."

"கொட்டாயிலயா? ஏன்?"

ஜெயசித்ரா அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மேஜையில் ஏதோ காகிதத்தைத் திருப்பினாள். அவளுக்கும் தெரியும். இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த யாருக்கும் அந்த 'ஏன்' தெரியும்.

"சரி, அது உங்க பர்சனல்" என்றாள். "வெற்றி, நீங்க சொல்றது என்ன?"

பொய் சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன். அவன் பொய் சொல்லவில்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல். ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"அவர் சொல்றது நிஜம்தான்" என்றேன். "நான் அந்த வீட்டுக்குள்ள போனதே இல்ல. எங்க அம்மா இருவது வருஷம் அங்க வேலை பார்த்தாங்க, அவங்களும் போனதில்ல. எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டாள். என் கடைசி வரியை எழுதினாளா என்று தெரியாது, படிவத்தில் அதற்குக் கட்டம் இருந்திருக்காது. என் பத்துப் பச்சையும் செல்லாது என்று ஆனது. திங்கட்கிழமை சென்னை ஆபீஸில் இருக்க வேண்டும், எச்சரிக்கைக் கடிதம் தனியாக வரும். மணிமாறன் நிரந்தரமாக வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது உறுதியானது. அணித் தலைவர் என்ற முறையில் அவன் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியது நான். போட்டேன். வருஷ மதிப்பீட்டில் மட்டும் வழக்கமாகப் போடுகிற நாலைப் போடாமல் மூன்று போட்டேன். அவன் வேலைக்கு எப்போதும் மூன்றுதான், மேலே போட்ட ஒன்று ஊர்ப் பாசம்.

ஞாயிற்றுக்கிழமை இலக்கியா பஸ் ஸ்டாண்டுக்கு வர மாட்டேன் என்றுவிட்டாள். "நீ எப்ப வருவ?" என்று கேட்கவில்லை. "நீ போயிருவன்னு எனக்குத் தெரியும்" என்றாள். எட்டு வயது.

இப்போது வேளச்சேரியில் ஒரு ஹாஸ்டலில் இருக்கிறேன். ரூமுக்கு நாலு பேர். ஆபீஸில் எங்கள் மாடியில் நூற்றியிருபது நாற்காலி, முப்பது ஆள். ஏசி மட்டும் நூற்றியிருபது பேருக்கும் ஓடுகிறது. என் டீமில் என்னைத் தவிர எல்லாரும் வீட்டில். என்னை வரச் சொன்ன மேலாளர் அவருடைய கோயம்புத்தூர் வீட்டில். ஜெயசித்ராவும் வீட்டில்தானாம். இரண்டு மணி நேரம் பஸ்ஸிலும் ரயிலிலும் இடிபட்டு வந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஊரிலேயே இருக்கிறவர்களோடு பேசிவிட்டுத் திரும்பிப் போகிறேன். இதற்குப் பெயர் கூடி வேலை பார்ப்பது.

போன மாதம் ஒரு நாள் சாயங்காலம் ஒரு பில் விஷயமாக மணிமாறன் அழைத்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் பக்கத்திலிருந்து ஓர் ஆட்டோ ஹாரன் கேட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு இருபது.

"சாரி மேம், வெளிய ஒரே சத்தம். மியூட் போட்டுக்கவா?"

"வேண்டாம். நீங்க பேசுங்க."

அவன் ஏதோ முழங்கால் ஆபரேஷனைப் பற்றிப் பேசினான். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. ஆட்டோ திரும்புகிற சத்தம், பிள்ளைகள் இறங்குகிற சத்தம், அப்புறம் அந்தக் குரல், தெருவே கேட்கிற மாதிரி.

"அம்மாயி, பையத் தூக்கு!"

அம்மாயிதான் இனிமேல். எத்தனை சீக்கிரம் பழகிக்கொண்டாள்.

"மேம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றேன்.

மறுநாளே காலை பத்தரைக்கு நடக்கிற டீம் மீட்டிங்கை மாலை நாலேகாலுக்கு மாற்றினேன். காரணம் கேட்டவர்களிடம் துபாய் நேரம் என்றேன். முதலில் மணிமாறன் பேச வேண்டும், மெதுவாகப் பேச வேண்டும், மியூட் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அவனுக்கு ஏன் என்று தெரியுமோ தெரியாதோ. கேட்கவில்லை.

நிரந்தரமாக வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்களுக்குக் கம்பெனி இப்போது புது ஹெட்செட் தருகிறது. வெளிச்சத்தம் ஒரு பொட்டு வராதாம், பேசுகிறவர் குரல் மட்டும்தான் வருமாம். மணிமாறன் விண்ணப்பித்திருக்கிறான். டீம் லீடர் ஒப்புதல் கொடுத்தால் இரண்டு நாளில் அவன் வீட்டுக்குப் போய்ச் சேரும்.

"மேம், ஹெட்செட் ரிக்வெஸ்ட் இன்னும் பெண்டிங்லயே இருக்கு" என்று நேற்றும் கேட்டான்.

"பார்க்கிறேன்" என்றேன்.

மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தப் பொத்தானை நான் அழுத்தப் போவதில்லை.